கூடத்துப் பெட்டிக்கு ஏற்ற படம்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப் பாதையில், வைகையின் வடகரையை ஒட்டி அமைந்துள்ள சோழவந்தானில், சித்திரைப் பௌர்ணமியன்று ஜெனக நாராயணப் பெருமாள் ஆற்றில் இறங்கும் வேளையிலும், வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா நடைபெறும் நாட்களிலும், கூட்டத்தில் நிற்பவர்களுள் செல்போனை உயர்த்திப் பிடிக்காத கையைக் காண்பது அரிது. அவ்விதம் எடுக்கப்படும் படத்தைத் தாங்கள் மட்டும் பார்த்து மகிழ்வது மக்களின் நோக்கமன்று. ஆற்றங்கரை வரை நடந்து வர இயலாத முதியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், அவர்கள் காண வேண்டும் என்ற ஆசையே பலரை அந்தக் கையை உயர்த்த வைக்கிறது. கண் மங்கிய அப்பத்தாவுக்குச் செல்போனின் சிறு திரையால் பிரயோஜனம் இல்லை. படம் கூடத்துத் தொலைக்காட்சிக்கு வந்தாக வேண்டும். ஆகவே அதைப் பென் டிரைவில் ஏற்றி, செட்டாப் பெட்டியின் யூஎஸ்பி துவாரத்தில் செருகுகிறார்கள். பெட்டியோ கோப்பின் பெயரைக் காட்டிவிட்டுப் படத்தைக் காட்ட மறுக்கிறது. அல்லது படம் ஓடுகிறது, நாதஸ்வரம் கேட்பதில்லை. அல்லது பெருமாளும் வாகனமும் பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருக்கும் கோலம் தெரிகிறது. "பெட்டி எடுக்க மாட்டேங்குது அப்பத்தா" என்று சொல்லிவிட்டுப் பேரன் எழுந்து போய்விடுகிறான். விஷயம் அத்துடன் முடிந்துவிடுவதுதான் எனக்கு வருத்தம் அளிக்கிறது. ஏனெனில் இது தீர்க்கக்கூடிய குறை, தீர்ப்பதற்கு வேண்டிய சாதனங்களும் விலையின்றியே கிடைக்கின்றன.

இந்தப் பெட்டிகள் நம் கூடங்களுக்கு வந்து சேர்ந்த வரலாற்றை ஒரு கணம் நினைவுகூர்வது, கோளாறு எங்கிருந்து பிறக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள உதவும். தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் செயற்கைக்கோள் ஒளிபரப்பு, டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 2004 டிசம்பரில் தொடங்கி, பிற்பாடு ஃப்ரீ டிஷ் என்று பெயர் மாறியது. தமிழக அரசு 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தால் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் ஏழை எளியவர் வீடுகளுக்கெல்லாம் சென்றன. கேபிள் ஒளிபரப்பு முழுவதும் டிஜிட்டல் முறைக்கு மாற வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2011-ல் வந்து, சென்னை முதலிய பெருநகரங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கிராமங்களை எட்டியது; 2007-ல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017-ல் டிஜிட்டல் உரிமம் பெற்றுத் தன் சந்தாதாரர்களுக்குப் பெட்டிகளை வழங்கலாயிற்று. இவ்வாறு வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு விலைகளில் செய்யப்பட்ட பெட்டிகள் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் இயங்குகின்றன. அவற்றுள் பல, நிகழ்ச்சிகளைப் பென் டிரைவில் பதிவு செய்துகொள்ளவும், வெளியிலிருந்து கொண்டுவந்த படங்களைக் காட்டவும் வல்லவை. ஆனால் ஒவ்வொன்றும் தான் பிறந்த காலத்தில் வழங்கிய முறைகளை மட்டுமே அறியும். அடுத்த வீட்டுப் பெட்டியில் ஓடிய படம் நம் வீட்டுப் பெட்டியில் ஓடாமல் போவதற்கு இதுவே காரணம்.

படம் என்பது எவ்வளவு பெரிய பாரம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தாலன்றி இந்த முறைகளின் அவசியம் புலப்படாது. பழைய தொலைக்காட்சித் தரத்தில் ஒரு சட்டகத்துக்குக் குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 வரிகளும் உண்டு. பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். நம் நாட்டு வழக்கப்படி வினாடிக்கு 25 சட்டகங்கள் ஓட வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் நிறத்தையும், நிறத்தில் ஓரளவு சிக்கனம் செய்தே குறித்துவைத்தாலும், ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 56 ஜிபி இடத்தைப் பிடிக்கும். இன்றைய செல்போன்கள் சர்வசாதாரணமாக எடுக்கும் 1920-க்கு 1080 என்ற அளவிலோ, அதே ஒரு மணி நேரம் 280 ஜிபியை எட்டிவிடும். ஒரு முகூர்த்தத்தைப் பதிவு செய்யவே தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டியதாகிவிடும். படத்தைச் சுருக்கும் வித்தை தோன்றியிராவிட்டால், செயற்கைக்கோள் வழியே நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் வந்திருக்க மாட்டா. கல்யாண வீடியோ ஒரு தட்டில் அடங்கியிருக்கவும் மாட்டாது.

அந்த வித்தையின் மூலாதாரமான கணித முறை ஒன்றைக் கண்டறிந்தவர் நம் தேசத்திலே பிறந்தவர் என்பதை நம்மவரில் பலர் அறியார். பெங்களூரில் 1940-ல் பிறந்து, அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய நசீர் அகமது, 1972-ல் இந்த யோசனையை ஆராய்வதற்குப் பொருளுதவி வேண்டி அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் யோசனையைக் கைவிடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற இருவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. அதன் சாரம் இது: படத்தை எட்டுக்கு எட்டாக, அறுபத்து நான்கு புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பற்பல அலைகளின் கூட்டாகக் கணித்துவிட்டால், மென்மையாக மாறிச் செல்லும் ஒளி நிழலைக் குறிக்கும் சில எண்களிலேயே பெரும்பாலான செய்தி வந்து குவிந்துவிடுகிறது, மிக நுண்ணிய நெளிவுகளைக் குறிக்கும் எஞ்சிய எண்களைக் குறைத்தாலும் நீக்கினாலும் மனிதக் கண் அதைப் பொருட்படுத்துவதில்லை. புகைப்படத்துக்கு வழங்கும் ஜேபெக் முறையும், தொலைக்காட்சிக்கு வழங்கும் எம்பெக் முறைகளும் இந்த அஸ்திவாரத்தின் மீதே எழுந்தன. வறிய வீட்டின் திரையில் ஓடும் சீரியல் முதல் மருத்துவமனையின் சித்திரங்கள் வரை இதன் பயன் பரவியிருக்க, அதைக் கண்டவரின் பெயர் நம் பாடப் புத்தகங்களில் இடம் பெற வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இரண்டாவது யுக்தி காலத்தைப் பற்றியது. பெருமாள் ஆற்றில் இறங்கும் காட்சியில் வானமும் கரையும் மரங்களும் அசையாது நிற்க, பெருமாளின் வாகனமும் ஜனத்திரளும் மட்டுமே நகர்கின்றன. ஆகையால் ஒரு சட்டகத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் எந்தப் பகுதி எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் குறித்தால் போதும். சுருக்குபவர் எவ்வளவு கூர்மையாக இந்த நகர்வைத் தேடுகிறாரோ, அவ்வளவுக்குக் கோப்பு சிறியதாகும். அவ்வளவுக்கு அதை விரித்துக் காட்டுபவருக்கும் வேலை கூடும். 1990-களின் நடுவில் வந்த எம்பெக்-2, டிவிடி தட்டுகளையும் முதல் தலைமுறைச் செட்டாப் பெட்டிகளையும் ஆண்டது. 2003-ல் வந்த எச்.264, ஏறக்குறைய பாதி அளவிலேயே அதே தரத்தைத் தந்தது. 2013-ல் வந்த எச்.265 அதையும் ஏறக்குறையப் பாதியாக்கியது. ஆப்பிள் நிறுவனம் 2017 முதல் தன் ஐபோன்களில் எச்.265-ஐயே வழக்கமான முறையாக வைத்தது. பிற நிறுவனங்களின் செல்போன்களிலும் அது பரவிவிட்டது. கையில் உள்ள கருவி 2013-இன் பாஷையைப் பேசுகிறது. கூடத்துப் பெட்டி 2003-இன் பாஷையோடு, சிலவிடங்களில் 1995-இன் பாஷையோடு, நின்றுவிட்டது.

"கம்ப்யூட்டரில் ஓடுகிறதே, பெட்டியில் ஏன் ஓடாது?" என்ற கேள்வி நியாயமானதே. கம்ப்யூட்டரின் மூளை எந்தக் கணக்கையும் போடவல்லது. புதிய முறை வந்தால் புதிய மென்பொருளை நிறுவிக்கொண்டு அதைப் பயின்றுவிடுகிறது. செட்டாப் பெட்டியின் உள்ளே இருக்கும் சிப்போ, படத்தை விரிக்கும் கணக்கை மின்சுற்றாகவே வார்த்துவைத்துக்கொண்டது. அதனால்தான் அது மலிவாகவும், அதிகம் சூடேறாமலும் இருந்து, ஆண்டுக்கணக்கில் ஓயாமல் உழைக்கிறது. அதனால்தான் புதியதைக் கற்கவும் முடிவதில்லை. இத்துடன், ஒவ்வொரு முறைக்கும் காப்புரிமைக் கட்டணம் உண்டு. விலையைக் குறைக்க விரும்பும் உற்பத்தியாளர் தமக்கு அவசியமில்லாத முறைகளைச் சேர்ப்பதில்லை. பெட்டியைக் குறை கூறுவதால் ஆவது ஒன்றுமில்லை. அதற்கு உகந்த வடிவில் படத்தைக் கொடுப்பதே வழி.

இங்கே பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் நிற்பவை மேலுறையின் பெயர்களே. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையானாலும் சரி, வேறூர் வெற்றிலையானாலும் சரி, ஒரே விதமாகக் கட்டப்பட்டுச் சந்தைக்கு வந்துவிட்டால், கட்டை அவிழ்த்தாலன்றி உள்ளே இருக்கும் இலை எந்தக் கொடிக்காலுடையது என்று சொல்ல இயலாது. கோப்பின் நிலையும் அதுவே. எம்பி4 என்ற ஒரே உறைக்குள் எச்.264 படமும் இருக்கலாம், எச்.265 படமும் இருக்கலாம். "எம்பி4 எல்லாம் ஓடும்" என்று கடைக்காரர் சொல்லும் வார்த்தையை நம்பி ஏமாற வேண்டியதில்லை. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால், உறை என்ன, உள்ளிருக்கும் படம் எம்முறையில் சுருக்கப்பட்டது, ஒலி எம்முறையிலானது, வினாடிக்கு எத்தனை சட்டகங்கள் என்ற யாவற்றையும் அது வரிசையாகச் சொல்லிவிடும். மருந்து கொடுப்பதற்கு முன் நாடி பார்க்க வேண்டும்; பலர் நாடி பாராமலே கன்வர்ட் செய்யத் தொடங்கிப் பொழுதையும் படத்தின் தரத்தையும் இழக்கிறார்கள்.

படமும் ஒலியும் ஓர் உறைக்குள் இருந்தபோதிலும் அவை தனித்தனியே ஓடும் இரு பிரவாகங்கள். இதைச் சொல்லும்போது சோழவந்தானுக்கு எதிரே, வைகையின் அக்கரையிலுள்ள தென்கரை நினைவுக்கு வருகிறது. அவ்வூரில் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் பாலகனாக நடித்த 'நந்தகுமார்' என்ற 1938-ஆம் ஆண்டுப் படத்தில்தான் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பன், நடிப்பவர் ஒருவரும் பாடுபவர் வேறொருவருமாக இருக்கலாம் என்ற பின்னணிப் பாட்டு முறையைத் தமிழில் கையாண்டார். 1945-ல் மகாலிங்கம் நாயகனாக நடித்த 'ஸ்ரீவள்ளி'யிலும் நாயகியின் பாட்டுக்குப் பி. ஏ. பெரியநாயகியின் குரல் பின்னர் இணைக்கப்பட்டது. உருவமும் குரலும் தனித்தனியே பதிவாகி, இரண்டும் இம்மியும் பிசகாது சேர்ந்து ஓடியதாலேயே அந்த மாயை நிலைத்தது. இன்றைய கோப்பிலும் அதே ஏற்பாடுதான். படம் தெரிந்து ஒலி கேட்காவிட்டால், படத்தின் முறை பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது, ஒலியின் முறை தெரியவில்லை என்று பொருள். சினிமாக் கோப்புகளில் வரும் டிடிஎஸ், டால்பி ஒலிகளுக்கான உரிமம் மலிவான பெட்டிகளில் இருப்பதில்லை. அத்தகைய கோப்பில் படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் ஏஏசி முறைக்கு மாற்றினால் போதும். தவில்காரரின் கோல் விழுந்த பிறகே ஓசை கேட்கிறது என்றால் அது வேறு வியாதி: வெளிச்சத்துக்குத் தக்கபடி வினாடிக்கு 24, 29, 30 என்று சட்டக எண்ணிக்கையைச் செல்போன் மாற்றி மாற்றி எடுத்துவிடுகிறது, சீரான ஓட்டத்தையே எதிர்பார்க்கும் பெட்டி அதில் தடுமாறுகிறது.

இனி மாற்றும் காரியத்துக்கு வருவோம். கம்ப்யூட்டரில் செய்வதற்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் சாமானியர்களுக்கு ஏற்றது. விலை கிடையாது, விளம்பரத் தொல்லையும் கிடையாது. உறைக்கு எம்பி4 என்பதையும், படத்துக்கு எச்.264 என்பதையும், அதன் உட்பிரிவில் மெயின் புரொஃபைல், லெவல் 4.0 என்பவற்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்காயிரப் புள்ளிப் படமாக இருந்தால் 1920-க்கு 1080 அல்லது 1280-க்கு 720 என்று குறைத்துக்கொள்ள வேண்டும். சட்டக ஓட்டத்தைக் கான்ஸ்டன்ட் என்று நிலைப்படுத்தி, செல்போன் 30-ல் எடுத்ததை 30 ஆகவே விட்டுவிட வேண்டும். ஒலியை ஏஏசி, ஸ்டீரியோ என்று வைக்க வேண்டும். செல்போனை நிறுத்திப் பிடித்து எடுத்த படம் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும் குறையும் இதில் தீரும்; ஏனெனில் செல்போன் படத்தைத் திருப்பி எழுதுவதில்லை, "திருப்பிக் காட்டுக" என்ற குறிப்பை மட்டும் உறையின் மேல் எழுதிவைக்கிறது, பெட்டி அக்குறிப்பைப் படிப்பதில்லை; மாற்றும்போதோ படமே திருப்பி எழுதப்பட்டுவிடுகிறது. முழுப் படத்தையும் மாற்றுவதற்கு முன் ஒரு நிமிஷத் துண்டை மட்டும் மாற்றிப் பெட்டியில் ஓட்டிப் பார்ப்பது விவேகம். பழைய மடிக்கணினியில் ஒரு மணி நேரப் படத்தை மாற்றப் பல மணி நேரம் பிடிக்கக்கூடும். அத்தனையும் வீணாகிவிட்டது என்ற மனக்கசப்புக்கு அப்போது இடமிராது.

எம்பெக்-2 மட்டுமே அறிந்த மிகப் பழைய பெட்டியானால், பிரான்ஸ் தேசத்துப் ஃபப்ரீஸ் பெல்லார் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியை நாட வேண்டும். கட்டளைகளை எழுதி இயக்க வேண்டிய கருவியாதலால் முதலில் அச்சுறுத்தும். ஆனால் நம் நாட்டுத் தொலைக்காட்சித் தரத்துக்குரிய டிவிடி வடிவத்தை உண்டாக்குவதற்கென்றே அதில் ஆயத்தமான ஒரு கட்டளை இருக்கிறது. 720-க்கு 576, வினாடிக்கு 25 சட்டகம் என்ற யாவும் அதில் தாமே அமைந்துவிடும். அதே கருவியைக் கொண்டு, உறையை மட்டும் மாற்றிப் படத்தையும் ஒலியையும் அப்படியே எடுத்துவைக்கவும் முடியும். எம்கேவி உறையைப் பெட்டி அறியாது, உள்ளே இருக்கும் எச்.264-ஐ அறியும் என்ற நிலையில், இது சில நிமிஷங்களில் முடிகிற, தரம் சற்றும் குறையாத காரியம். உறை மாற்றினால் போதுமான இடத்தில் முழுதும் மறுபடி சுருக்குவது வீண் நஷ்டம்.

எல்லாம் சரியாகச் செய்தும் பெட்டி படத்தை எடுக்காவிட்டால் பென் டிரைவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் வகுக்கப்பட்ட பென் டிரைவையே படிக்கும். அந்த அமைப்பில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. வினாடிக்கு 5 மெகாபிட் என்ற விகிதத்தில் ஒரு மணி நேரப் படம் இரண்டேகால் ஜிபி ஆகும். ஆகையால் மூன்று மணி நேரக் கல்யாணப் படத்தை நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு என்று பிரித்து வைப்பதே முறை. கோப்பின் பெயரைத் தமிழில் எழுதினால் பல பெட்டிகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும் என்பது மனத்துக்கு வேதனை தரும் உண்மை. இன்னும் எத்தனை காலத்துக்குத் தமிழ்நாட்டில் விற்கும் பெட்டிகள் தமிழெழுத்தை அறியாதிருக்கப் போகின்றன என்று தெரியவில்லை.

செல்போனிலேயே முன்னெச்சரிக்கையாகச் செய்யக்கூடியதும் உண்டு. ஐபோனின் கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் என்ற பகுதிக்குச் சென்று மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தால், எச்.264 முறையிலேயே எடுக்கும். ஆண்ட்ராய்டு செல்போன்கள் பலவற்றிலும் எச்.265-ஐ அணைக்க வழியுண்டு. திருவிழாவுக்குப் புறப்படுமுன் இதைச் செய்துவிட்டால் பின்னால் மாற்றும் பிரயாசையே இல்லாமற்போகும். வாட்ஸப்பில் வந்த படம் பெட்டியில் ஓடுகிறதே என்று சிலர் கண்டுபிடித்து, எல்லாப் படங்களையும் தமக்குத் தாமே வாட்ஸப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். ஓடுவது மெய்தான், அந்தச் செயலி எச்.264-க்கு மாற்றியே அனுப்புகிறது. ஆனால் அனுப்பும் வேகத்துக்காகப் படத்தைக் கடுமையாகப் பிழிந்துவிடுகிறது. அதன் பிறகு செல்போனில் இடமில்லை என்று மூலப் படத்தை அழித்துவிடுகிறார்களே, அங்கேதான் மீளா இழப்பு நேர்கிறது.

ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் கண்ணுக்குத் தேவையில்லை என்று கணக்கு தீர்மானித்த எண்கள் நீங்கிவிடுகின்றன. அவற்றை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவர முடியாது. சுருக்கியதை மறுபடி சுருக்கினால் முகங்களில் கட்டங்கள் தோன்றும். தீவட்டியின் ஒளியைச் சுற்றிலும் படிப்படியாக வளையங்கள் எழும். பெட்டிக்கென்று செய்வது இன்றைய சௌகரியத்துக்கான பிரதி. பத்தாண்டுகளில் இந்தப் பெட்டியே இராது, அன்று வரும் பெட்டி இன்றைய மூலப் படத்தை முழுத் தரத்துடன் காட்டக்கூடும். ஆகவே மூலத்தை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இட்டு, ஒன்றை உறவினர் வீட்டில் வைத்திருப்பது, வீட்டுப் பத்திரத்துக்குச் செய்யும் பாதுகாப்பைப் போலவே அவசியம் என்பேன்.

பெட்டி தானே பதிவு செய்த நிகழ்ச்சிகளின் கதை வேறு. ஃப்ரீ டிஷ்ஷின் கட்டணமில்லா அலைவரிசைகளிலிருந்து பதிந்தவை பெரும்பாலும் 188 பைட் அளவுள்ள சிறு பொட்டலங்களின் வரிசையாக, டிஎஸ் என்ற உறையில் இருக்கும், வி.எல்.சி. முதலிய மென்பொருள்களில் அவை நேரே ஓடும். கட்டண அலைவரிசைப் பதிவுகள் அந்தந்தப் பெட்டியின் சாவியோடு பூட்டப்பட்டவை. பெட்டி மாறினால் அவை திறவா. அவற்றை மாற்ற முயல்வது வீண் வேலை, சட்டத்துக்கும் பொருந்தாது.

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய கல்யாணக் காசெட்டுகள் பீரோக்களின் மேல்தட்டில் இன்னமும் கிடக்கின்றன. அவற்றின் காந்தப் பூச்சு ஈரத்தாலும் வெப்பத்தாலும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. ஓட்டிக் காட்டும் கருவிகளோ உற்பத்தியே நின்றுபோனவை. அவற்றை டிஜிட்டலாக்கக் கொடுக்கும்போது ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். அக்காலப் படத்தில் ஒரு சட்டகம் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமாக இரு தவணைகளில் பதிவானது. அதை இக்காலத் தட்டைத் திரையில் அப்படியே காட்டினால் கையசைக்கும்போதெல்லாம் சீப்பின் பற்களைப் போன்ற கோடுகள் தெரியும். பெட்டிக்கான பிரதியில் அந்த வரிகளை இணைத்துத் தரச் சொல்ல வேண்டும். மூலப் பிரதியில் இணைக்காமலே வைக்கச் சொல்ல வேண்டும். இனி நடக்கப்போகும் கல்யாணங்களுக்கோ, முன்பணம் கொடுக்கும் அன்றே வீடியோக்காரரிடம் இரண்டு பிரதிகள் வேண்டும் என்று பேசி எழுதி வாங்கிக்கொள்ளலாம்: கேமராவிலிருந்து வந்தபடியே முழுத் தரத்தில் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, எச்.264 படமும் ஏஏசி ஒலியும் கொண்டு, 4 ஜிபிக்கு உட்பட்ட பகுதிகளாக, ஃபேட்32 பென் டிரைவில் மற்றொன்று.